ஆயிரம் கல் கணக்கு

மாடியில் ஓர் அறை எடுக்கலாம் என்று முடிவான சமயத்தில் கல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பொன்னேரியில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன். மேஸ்திரி வந்தார், டேப்பைப் பிடித்து நாலு பக்கமும் அளந்தார், "நாலாயிரம் கல்லு சொல்லிடுங்க சார்" என்றார். என்ன கல் என்று சொல்லவில்லை. கல் என்றால் சிவப்புக் கல்தான், அதில் கேட்க என்ன இருக்கிறது. நான்தான் சும்மா இராமல், மீஞ்சூர் பக்கம் ஃப்ளை ஆஷ் கல் போடுகிறார்களே, அதை வாங்கினால் என்ன என்று கேட்டுவைத்தேன்.

"சாம்பல் கல்லா?" என்று என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். "சாம்பலை ஆத்துல கரைச்சிப் பாத்திருக்கேன் சார். அடுக்கி வெச்சி அதுக்குள்ள குடித்தனம் பண்ணி நான் பாத்ததில்ல."

அதற்கு மேல் வாதாட எனக்குத் திராணி இல்லை. ஆனால் அந்தக் கேள்வியும் என்னை விடவில்லை. நாலாயிரம் கல்லை எங்கே வாங்குவது என்று தொடங்கிய விசாரிப்பு இரண்டு மாதம் ஓடியது. சிறுதொழிலுக்கு லாபமும் வேண்டும், ஊருக்கும் மண்ணுக்கும் நல்லதும் செய்ய வேண்டும், இரண்டையும் எப்படிச் சமன் செய்வது என்று குளிரூட்டிய அரங்குகளில் பேசுகிறார்கள். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் அந்தக் கேள்வி ஆயிரம் கல்லின் விலைக்குள் கிடக்கிறது.

செங்கல் தொழிலில் எல்லாவற்றுக்கும் அளவு ஆயிரம்தான். அறுப்புக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு, சூளையில் அடுக்க ஆயிரத்துக்கு இவ்வளவு, ஏற்றி இறக்க இவ்வளவு. வாசலில் வந்து விழும்போது விலையும் ஆயிரத்துக்குத்தான். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது ஊருக்கெல்லாம் பொது. பூண்டி, ஊத்துக்கோட்டை, வெங்கல், பெரியபாளையம் பக்கங்களில் தை பிறந்தால் சூளை பிறக்கும். பனி குறைந்து வெயில் ஏறுகிற நாளிலிருந்து அடுத்த மழை வரைக்கும் அறுப்புக் காலம். ராத்திரி ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் எழுந்து மண்ணைக் குழைத்தால்தான் உச்சி வெயிலுக்கு முன்னால் கல்லை அறுத்துப் போட முடியும். புருஷன் மண்ணை மிதிக்க, மனைவி அச்சில் அடித்துத் தட்ட, பிள்ளைகள் பச்சைக்கல்லைப் புரட்டிக் காயவைக்க, குடும்பமே சேர்ந்து இழுத்தால்தான் ஆயிரம் என்ற எண் நகரும். கூலி ஆளுக்கு இல்லை, கல்லுக்கு. எத்தனை கை அதற்குள் போயிற்று என்று எந்தக் கணக்கு நோட்டும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டுப் பழைய காம்பவுண்டுச் சுவரில் ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்திருக்கிறது. அங்கே ஒரு கல்லின் முகத்தில் நாலு விரல் பதிந்த பள்ளம். பச்சையாக இருந்தபோது யாரோ தூக்கியிருக்கிறார்கள், அப்படியே வெந்துவிட்டது. இத்தனை வருஷமாகக் கண்ணில் படாதது இப்போதுதான் பட்டது. என் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை, பள்ளம் சின்னது.

முன்பணம் என்று ஒன்று இருக்கிறது. சூளைத் தொழிலின் உயிர்நாடி அதுதான். இருளர் குடும்பத்தில் ஒரு கல்யாணம், ஒரு பிரசவம், ஒரு சாவு என்று செலவு வரும். சூளைக்காரர் ஒரு தொகையைக் கொடுப்பார். கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுக்க அவர்களிடம் நிலமில்லை, பெரும்பாலும் பட்டா கிடையாது, சாதிச் சான்றிதழுக்கே வருஷக்கணக்கில் அலைகிறவர்கள். ஆகவே ஆட்களே ஈடு. சூளையில் வந்து தங்கி அறுத்துக் கழிக்க வேண்டும். வாராவாரம் அரிசிக்கும் பருப்புக்கும் கொடுக்கிற காசு கடனில் ஏறும். திடீர் மழை அடித்துக் கரைந்த பச்சைக்கல்லுக்குக் கூலி கிடையாது. சீசன் முடிவில் கணக்குப் பார்த்தால், வாங்கியதைவிடக் கடன் கூடியிருக்கும். எழுதுகிற கை ஒன்று, கைநாட்டு வைக்கிற கை இன்னொன்று.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்குகிற வேலையும் கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1982-இல். அதற்கெல்லாம் பிறகும் எங்கள் மாவட்டத்துச் சூளைகளிலிருந்தும், செங்குன்றம் சுற்றுவட்டார அரிசி ஆலைகளிலிருந்தும் குடும்பங்களை மீட்ட செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. உள்ளூர் இருளர்கள் மட்டுமா? ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து சட்டிபானையோடு ரயிலேறி வந்தவர்களும் உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சூளைகளும் அரிசி ஆலைகளும் சிறுதொழில்கள்தான். பன்னாட்டுக் கம்பெனி கிடையாது, பங்குச்சந்தையில் பட்டியல் கிடையாது. முதலாளி பக்கத்து ஊர்க்காரர், மாரியம்மன் கூழ் ஊற்றலுக்கு முதல் ஆளாக நன்கொடை எழுதுகிறவர், அடிமைப்பட்டுக் கிடந்தவனின் பிள்ளைக்குக் காது குத்தும்போது நூறு ரூபாய் வைத்தவர். ஷூமாக்கர் 1973-இல் 'சிறியதே அழகு' என்று எழுதினார், அது உலகம் முழுக்கப் பரவியது. புத்தகத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் சிறியதாக இருப்பதாலேயே ஒரு தொழிலுக்கு ஈரம் வந்துவிடும் என்று நம்புகிறவர்களை மாசி மாத நடுராத்திரியில் ஒரு சூளைக்குக் கூட்டிப்போக ஆசை. பெரிய ஆலைக்குச் சங்கம் உண்டு, ஆய்வாளர் வருவார், வாசலில் ஒரு பலகையாவது தொங்கும். நாலு குடும்பம் வேலை செய்கிற களத்தை யார் எட்டிப்பார்க்கிறார்கள்?

இதே மாவட்டத்தில்தான் வேறொன்றும் நடந்தது. 2022-இல், ஆல்பி ஜான் வர்கீஸ் ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் தாங்களே உரிமையாளர்களாக இருந்து நடத்துகிற செங்கல் சூளை ஒன்றை மாவட்ட நிர்வாகம் தொடங்கிவைத்தது. பெயரில் சிறகை வைத்தார்கள். மீட்கப்பட்டவர்களுக்கு வழக்கமாக நடப்பது என்ன? விடுதலைச் சான்றிதழ், உடனடி நிவாரணத் தொகை, கொஞ்ச நாளில் ஒரு தையல் மிஷினோ இரண்டு ஆடோ. பரம்பரையாகக் காடும் கழனியும் தெரிந்தவர்கள், பிறகு கல் அறுக்கத் தெரிந்தவர்கள். தையல் மிஷினை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? ஆடு செத்தால் மறுபடியும் முன்பணம், மறுபடியும் ஏதோ ஒரு சூளை. சிறகுச் சூளையின் யோசனை அந்த வட்டத்தைத் தெரிந்துகொண்டு போட்ட யோசனை. தெரிந்த வேலையை மாற்றவில்லை. அதே குழி, அதே மண், அதே அச்சு, அதே அனல். கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் மாற்றினார்கள்.

அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது அடிமையாக இருந்தவருக்குத்தான் தெரியும். அறுத்த கல்லைத் தானே எண்ணி, தானே எழுதி, தானே விலை சொல்வது. மழை அடித்தால் நஷ்டமும் தன்னுடையதுதான். ஆனால் தன்னுடைய நஷ்டத்துக்கும் அடுத்தவன் தன் தலையில் எழுதுகிற நஷ்டத்துக்கும் வித்தியாசம் உண்டு. ஆட்சியர் அலுவலகம் பின்னால் நின்றது, தொண்டு நிறுவனங்கள் கை கொடுத்தன என்பதால் இதைத் தொழில் என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கலாம். எந்தச் சூளை யார் தயவும் இல்லாமல் எழுந்தது? மற்றவர்களுக்கு ஏரி மண் உத்தரவு வாங்கித்தர ஆள் இருந்தது, இவர்களுக்கு இல்லை.

ஆனாலும் அது சிவப்புக் கல்தானே என்று என் மனசு முனகியது. நாலாயிரம் கல்லுக்கு எத்தனை டிப்பர் மண், எத்தனை வண்டி விறகு. வயலின் மேல்மண்ணைச் சுரண்டிக் கொடுத்துவிட்டுப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற பட்டாதாரர்களைப் பேருந்து ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பார்கள். இந்தக் கல்லில் ஒரு மாங்காய்தான் விழுந்தது.

இன்னொரு மாங்காய் மீஞ்சூர் பக்கம்.

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வருகிறவர்கள் எண்ணூர் தாண்டிப் பாலம் ஏறியதும் வலப்பக்க ஜன்னலில் பாருங்கள். கழிமுகத் தண்ணீர், உப்பளம், அதற்கப்பால் வட சென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், வல்லூர் நிலையத்தின் புகைபோக்கிகள். இவற்றுக்கு மூத்தது எண்ணூர் அனல்மின் நிலையம். 1970-லிருந்து ஓடி 2017-இல் நின்றது. நம் நாட்டு நிலக்கரியை எரித்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதைத் தண்ணீரில் கலந்து குழாயில் அனுப்பி, செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளங்களில் கொட்டினார்கள். குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்தது. இறால் பிடித்த இடத்தில் முழங்கால் சேறு என்று மீனவர்கள் மனு மேல் மனுவாகக் கொடுத்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள்.

இந்தச் சாம்பலைக் கல்லாக்கலாம் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. விசாகப்பட்டினத்தில் பானுமதிதாஸ், காளிதாஸ் இருவரும் சாம்பலோடு சுண்ணாம்பும் ஜிப்சமும் சேர்த்து, நெருப்பே இல்லாமல் கல் செய்கிற 'ஃபால்-ஜி' முறையைக் கொண்டுவந்தார்கள். அதைப் பின்பற்றிய சின்னச் சின்ன ஆலைகளை ஒரு கட்டாகக் கட்டி, மிச்சமான கரியமிலத்தை உலக வங்கியின் நிதிக்கு விற்றுக் காசாக்கிய திட்டமும் நடந்தது. மத்திய அரசு 1999 செப்டம்பரில் ஓர் அறிவிக்கை போட்டது. நிலக்கரி அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் களிமண் செங்கல் செய்கிறவர் அதில் குறைந்தது 25 சதவீதம் சாம்பல் கலந்தாக வேண்டும். பின்னால் 2003-இல் அந்தச் சுற்றளவை 100 கிலோமீட்டர் ஆக்கினார்கள். எண்ணூரில் காம்பஸை ஊன்றி 100 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால் எங்கள் மாவட்டத்தில் வெளியே நிற்க ஒரு சூளையும் இல்லை. காகிதத்தில் பார்த்தால் இருபது வருஷத்துக்கு மேலாக நாங்கள் கட்டுகிற வீடெல்லாம் கால்வாசி சாம்பல் வீடு. மேஸ்திரியிடம் சொன்னேன். சிரித்தார். அவர் கைபட்டு எழுந்த வீடுகளைப் பற்றி அவருக்குத் தெரியாதா?

மீஞ்சூரிலிருந்து உள்ளே போகிற ஒரு மண் சாலையில் அந்த அம்மாவின் களம் இருக்கிறது. தகரக் கொட்டகை, ஒரு பேன் மிக்ஸர், ஒரு ஹைட்ராலிக் பிரஸ், வெளியே வரிசை வரிசையாகச் சாம்பல் நிறக் கல். கணவர் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர், காலமாகிவிட்டார். கடன் அவர் பெயரில் வாங்கியது, கட்டுவது இவர். அலுவலகம் என்று சொல்கிற தடுப்பில் முருகன் படம், பக்கத்தில் சட்டம் போட்ட உத்யம் சிறுதொழில் பதிவுச் சான்றிதழ். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாலை.

கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஓரம் கத்திபோல் நேராக இருந்தது. முகத்தில் யார் விரலும் இல்லை. சாம்பல், கிரஷர் தூள், சுண்ணாம்பு, ஜிப்சம், கொஞ்சம் சிமென்ட். அமுக்கி எடுத்து, இரண்டு வாரம் தண்ணீர் காட்டினால் தீர்ந்தது. விறகு இல்லை, புகை இல்லை, ஒரு கூடை வயல் மண்கூட வேண்டாம். விலையும் சிவப்புக் கல்லைவிடக் கல்லுக்கு ஒன்றரை ரூபாய் குறைவாகச் சொன்னார். பூச்சுக்குச் சிமென்டும் மிச்சமாகும் என்றார். பிறகு ஏன் ஜனங்கள் வாங்கமாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டேன்.

"கலர் சார்" என்றார். "பூசிட்டா எல்லாம் ஒண்ணுதான். ஆனா பூசற வரைக்கும் சொந்தக்காரங்க வந்து பாப்பாங்களே."

அவருடைய கவலை வேறிடத்தில் இருந்தது. சாம்பல் கிடைக்கவில்லை. ஒரு காலத்தில் தொட ஆளில்லாமல் கிடந்த கழிவு, சிமென்ட் ஆலைகள் கேட்க ஆரம்பித்ததும் சரக்காகிவிட்டது. உலர் சாம்பலில் குறைந்தது 20 சதவீதத்தைச் செங்கல் செய்கிற ஆலைகளுக்கு இலவசமாக, முன்னுரிமை கொடுத்துத் தர வேண்டும் என்று 2009-இல் அறிவிக்கையைத் திருத்தினார்கள். சிமென்ட் ஆலையின் டேங்கர் லாரி உள்ளே போகும்போது இவருடைய ஒற்றை லோடு கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கிறது. அப்புறம் 2021 டிசம்பர் கடைசி நாளில் வந்த அறிவிக்கை, பயன்படுத்தாமல் விட்ட சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு என்று மின் நிலையங்களை நெருக்கியது. நல்ல நெருக்கல்தான். ஆனால் சாம்பலைச் சீக்கிரம் காலி செய்ய நினைக்கிற நிலையம் நூறு டேங்கர் கொண்டுவருகிறவரைத் தேடுமா, மூன்று நாளைக்கு ஒரு லோடு கேட்கிறவரைத் தேடுமா?

எனக்கு அதைவிட உறுத்தியது ஒன்று. அனல்மின் நிலையம் ஓடினால்தான் இவருக்குச் சாம்பல். எண்ணூர்க் கழிமுகம் மூச்சு விட வேண்டுமென்றால் அந்தப் புகைபோக்கிகள் ஒருநாள் அணைய வேண்டும். அணைந்தால் இந்தப் பசுமைக் கல்லும் அன்றோடு சரி. ஒரு பெரிய கெடுதலின் அடியில் உட்கார்ந்துகொண்டு, அது சிந்துவதைத் துடைத்துப் பிழைக்கிற நல்லது. இதை அவரிடம் சொன்னேன். "அணையறப்ப பாத்துக்கலாம் சார், இன்னிக்கு லோடு வருமான்னு கேளுங்க" என்றார்.

கல் அடிக்கிற பையன்கள் ஜார்கண்டிலிருந்து வந்தவர்கள். சாம்பல் தூசு இமையில் வெள்ளையாகப் படிந்திருந்தது. கைக்குட்டையை மூக்கில் கட்டியிருந்தார்கள். முகமூடி ஒரு டப்பா நிறைய வாங்கி வைத்திருக்கிறேன், போடமாட்டேன் என்கிறார்கள் என்று அந்த அம்மா முறையிட்டார். ஏன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். போட்டால் மூச்சு வாங்குகிறதாம், வேகம் குறைகிறதாம். இங்கேயும் கூலி ஆயிரத்துக்குத்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பக்கத்தில் என் பழைய மாணவன் ஒருவன் ஷெட் வைத்திருக்கிறான். இரண்டு சிஎன்சி, ஒரு லேத், எட்டுப் பேர். பெரிய கம்பெனி ஒன்றுக்கு பிராக்கெட்டும் போல்ட்டும் செய்து கொடுக்கிறான். அறை கட்டுகிற விஷயம் பேசப் போன அன்று, "சார் வந்தது நல்லதாப் போச்சு" என்று ஒரு கத்தைக் காகிதத்தை என் முன்னால் வைத்தான். வாங்குகிற கம்பெனி அனுப்பிய கேள்வித்தாள், முழுக்க ஆங்கிலம். அவனுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால், அவனுக்கு அது புரியவில்லை என்பதற்கு நானும் பொறுப்பு.

மாதம் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது, அதில் எவ்வளவு மறுசுழற்சி, எத்தனை பெண்கள், உயரதிகாரிகளில் எத்தனை பெண்கள், ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு கரியமிலம், மனித உரிமைக் கொள்கை எழுத்தில் உண்டா. பங்குச்சந்தையில் முன்னணியில் இருக்கிற 1,000 கம்பெனிகள் 2022-23 நிதியாண்டிலிருந்து இப்படிப்பட்ட அறிக்கையை வெளியிட்டாக வேண்டும் என்று செபி சொல்லியிருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகிற இரும்புக்கும் எஃகுக்கும், திருகு போல்ட்டு வரைக்கும், கரியமிலக் கணக்கு கேட்கிறார்கள். மேலே கேட்டது சரிந்து சரிந்து கடைசியில் இவன் மேசையில் வந்து விழுந்திருக்கிறது. நல்ல கேள்விகள்தான், குறை சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பூர்த்தி செய்தோம். உயரதிகாரிகளில் பெண்கள் என்ற இடத்தில், கணக்கு எழுத வருகிற அவன் மனைவியைப் போட்டோம்.

முடித்ததும் முதல் பக்கத்துக்குத் திருப்பி மறுபடியும் பார்த்தான். "எல்லாம் கேட்டிருக்கான் சார். துட்டு எப்ப குடுப்பேன்னு மட்டும் எங்கயும் சொல்லல."

போன அக்டோபர் பில் பிப்ரவரியில் வந்ததாம். குறு, சிறு தொழில்களுக்கான 2006-ஆம் வருஷத்துச் சட்டம் தெளிவாக இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள். இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டியாக. அந்த வட்டியைக் கேட்டு வாங்கிய ஒருவரை அவன் பார்த்ததில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்து ஷெட்டுக்குப் போகும். 2024 ஏப்ரலிலிருந்து, கெடுவுக்குள் கொடுக்காத தொகையை வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்று ஆனது. உடனே, உன் உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா என்று கேட்ட பெரிய மனிதர்களும் இருந்ததாகத் தொழில் வட்டாரத்தில் பேச்சு.

கம்பெனிச் சட்டப்படி சமூகப் பொறுப்புக்கு லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்க வேண்டியவர்கள் யார்? நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இதில் ஏதாவதொன்றைத் தொட்டவர்கள். என் மாணவனின் ஷெட் ஏழேழு ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் போகாது. ஆனால் அவன் பணத்தை நாலு மாதம் பிடித்துவைத்திருக்கிற கம்பெனி பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டிக்கொடுத்து, சுவரில் பெயர் எழுதிக்கொள்கிறது. அந்த நாலு மாதமும் இவன் நகையை வைத்துக் கூலி போடுகிறான். கழிப்பறையில் எத்தனை கல் இவனுடையது என்று யாராவது எண்ணிச் சொன்னால் தேவலை.

ஷூமாக்கரைச் சொன்னேன். அவர் தம் எழுத்தில் மேற்கோள் காட்டிய தமிழர் ஒருவர் உண்டு, ஜே. சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்காயர் படிப்பு, பம்பாயில் தணிக்கைத் தொழில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி. 1929-இல் காந்தியைச் சந்தித்த பிறகு கதர் சட்டை, கிராமக் கைத்தொழில்கள். கடைசிக் காலத்தில் தே. கல்லுப்பட்டி. காந்தியவாதிகளில் எனக்கு அவரைப் பிடிப்பதற்குக் காரணம், அவர் கணக்குப்பிள்ளையாகவே யோசித்ததுதான். ஒரு பொருள் மலிவாக இருந்தால், அதன் விலையில் எழுதாமல் விட்ட செலவு எங்கேயோ யார் முதுகிலோ ஏறியிருக்கிறது என்று தேடுவார். வாங்குகிறவன் பொருளை மட்டும் வாங்கவில்லை, அது உண்டான விதத்துக்கான பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறான் என்பது அவர் கட்சி.

ஆகவே, லாபத்தையும் நல்லதையும் எப்படிச் சமன் செய்வது என்று சிறுதொழில்காரரிடம் போய்க் கேட்பது பாதிக் கேள்வி என்று எனக்குப் படுகிறது. மீஞ்சூர் அம்மாவிடமும் என் மாணவனிடமும் மனசாட்சிக்குப் பஞ்சமில்லை. ஆயிரம் கல்லின் விலையில் முகமூடிக்கும், பையன் முகமூடி போட்டுக்கொண்டு மெதுவாக வேலை செய்வதற்கும், ஒரு மழை நாளுக்கும் இடம் இருந்தால் அவர்கள் செய்துவிடுவார்கள். அந்த இடத்தை விடுகிறவர் வாங்குகிறவர். சூளைக்காரரை இந்தச் சாக்கில் நான் விட்டுவிடவில்லை. ஆட்களை ஈடாகப் பிடித்தவருக்கு எந்த விலையும் சமாதானம் ஆகாது. ஆனால் ஆயிரத்துக்கு ஐநூறு குறைத்துக் கேட்டு வாங்கி, மிச்சம் பிடித்தேன் என்று சந்தோஷப்பட்டு வீடு கட்டியவர்கள் நாங்கள். காம்பவுண்டுச் சுவரில் அந்தச் சின்ன விரல்கள் என் அப்பா பேரம் பேசி வாங்கிய கல்லில் இருக்கின்றன.

கடைசியில் சாம்பல் கல்லே வாங்கினேன். மேஸ்திரி முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். ஓரம் நேராக இருப்பதால் வேலை ஓடுகிறது என்று மூன்றாம் நாள் ஒப்புக்கொண்டார், கூலியைக் குறைக்கவில்லை. மார்ச் 3-ஆம் தேதி நாலாயிரம் கல்லும் வந்து இறங்கின. இருபதாயிரம் கொடுத்தேன், மீதி பத்தாயிரத்தைத் தளம் போட்டதும் தருகிறேன் என்றேன். தளத்துக்குக் கம்பி வாங்கிய கடை பெரிய கடை, பணத்தை வைத்தால்தான் லோடு ஏறும், அங்கே உடனே கட்டினேன். சிமென்டுக்கும் அப்படித்தான். ஏப்ரலில் அந்த அம்மா ஒருநாள் கூப்பிட்டார். "நல்லா இருக்கீங்களா சார்? சுவரு எழும்பிடுச்சா? ஒண்ணுமில்ல, சும்மாதான் போன் பண்ணேன்." சும்மா போன் பண்ணுகிற வயதா அவருக்கு. அடுத்த வாரம் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

அந்த 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தை வீட்டில் எடுத்து மறுபடியும் படித்தேன். வாங்குபவர் என்றால் யார் என்று விளக்கம் தருகிற இடத்தில் பெரிய கம்பெனி என்று எழுதவில்லை. சரக்கை விலைக்கு வாங்குகிற எவரும் என்றுதான் இருக்கிறது. எங்களுக்குள் எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. பத்தாயிரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது மே 4-ஆம் தேதி, கல் இறங்கிய 62-ஆவது நாள். வட்டியை அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.